எண்ணை எழுதுவது நீங்கள், பிரிவைத் தேர்வது காவல் நிலையம்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கீழமை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர் எழுதுகிறேன். பெரும்பாலும் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம், நிற்பவன். சில வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் நின்றிருக்கிறேன்.

உங்கள் மேசைக்கு வரும் தண்டனைச் சட்ட மசோதாக்களில் ஒரு வரி அடிக்கடி வரும். ‘பத்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை’, ‘இருபது ஆண்டுகளுக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை’ என்று. அதைப் பற்றித்தான் இந்த மடல். அவையில் அந்த வரியை எதிர்த்து யாரும் பேசுவதில்லை. பேசினால் அன்று மாலையே தொலைக்காட்சியில் ‘குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாரா?’ என்று விவாதம் வைத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. வக்காலத்து வாங்குவதுதான் என் தொழில்.

குறைந்தபட்ச தண்டனையைச் சட்டத்தில் எழுதும்போது, தண்டனையைக் கடுமையாக்கியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். விசாரணை நீதிமன்றத்தில் நடப்பது வேறு. எவ்வளவு தண்டனை என்ற முடிவு நீதிபதியின் கையை விட்டு, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தீர்மானிக்கும் காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. நீதிபதி என்றால் திறந்த நீதிமன்றத்தில் இரு தரப்பையும் கேட்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், தவறினால் மேல்முறையீட்டில் பதில் சொல்ல வேண்டும். எஃப்ஐஆரில் பிரிவுகளைச் சேர்க்கும் ரைட்டருக்கு, அதாவது காவல் நிலைய எழுத்தருக்கு, இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

கஞ்சா வழக்கில் இது பளிச்சென்று தெரியும். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது, ஹெராயின், அபின் போன்றவற்றுக்கு அளவு எதுவானாலும் குறைந்தது 10 ஆண்டு. சொந்த உபயோகத்துக்கான சிறு அளவு மட்டும் விதிவிலக்கு. 2001-ல்தான் அளவுக்கேற்ற படிகள் வந்தன: சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவே இருப்பது. கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. நடுவில் இருந்தால் 10 ஆண்டு வரை தண்டனை. அதற்குள் நீதிபதி ஒரு வருடமும் கொடுக்கலாம், ஏழு வருடமும் கொடுக்கலாம். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் 10 ஆண்டுக்குக் கீழே இறங்கவே முடியாது. அதோடு குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். ஜாமீனுக்கு 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

ஆக, 19 கிலோ 900 கிராமுக்கும் 20 கிலோ 100 கிராமுக்கும் இடையிலுள்ள 200 கிராமில் ஒருவனின் பத்து வருடம் இருக்கிறது. அந்த எடையைப் போடுவது யார்? அவனைப் பிடித்த அதே காவலர்கள், பிடித்த இடத்திலேயே. சாக்கின் எடையைக் கழித்தார்களா, தராசு எங்கிருந்து வந்தது, சரக்கு ஈரமாக இருந்ததா என்று குறுக்கு விசாரணையில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவோம். பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதிதான் கஞ்சா, அந்த நுனி சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. பறிமுதலின்போது போலீஸ் எழுதும் மகஜரில் இதையெல்லாம் யார் பிரித்து எழுதுகிறார்கள்? 21 கிலோ, 22 கிலோ என்று எழுதிய மகஜர்களைப் பார்க்காத போதைப்பொருள் வழக்கு வக்கீல் இருக்க மாட்டார். அத்தனையும் ஜோடனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிலோ கூடினால் ஜாமீனும் கிடைக்காது, தண்டனையும் குறையாது என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, தராசு மட்டும் நேர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தூய்மை விஷயமும் உண்டு. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் பிடிபட்டது 4 கிலோவுக்கு மேல். அதில் உண்மையான ஹெராயின் ஒன்றரை சதவீதம் அளவுதான், ஏறத்தாழ 60 கிராம். ஹெராயினுக்கு வணிக அளவு 250 கிராம். தூய பொருளின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தண்டனையைக் குறைத்தது நீதிமன்றம். 2009-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது: கலவையின் மொத்த எடைதான் கணக்கு. 2020-ல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. அதாவது பொடியில் எவ்வளவு மாவு கலந்திருக்கிறது என்பதும் சிறைவாசத்தைக் கூட்டும். சரக்கு கைமாறக் கைமாறக் கலப்படம் கூடிக்கொண்டே போகும். கடைசிக் கையில் இருப்பவனிடம்தான் எடை அதிகம், விஷம் குறைவு. மூட்டைக்குச் சொந்தக்காரன் பேருந்தில் ஏறுவதில்லை. ஏறுகிறவன் கூலிக்குத் தூக்குபவன். அவன் யார், அவனுக்கு எவ்வளவு தெரியும், வேறு வழக்கு உண்டா என்ற கேள்விகளுக்கு 10 ஆண்டு என்ற எண்ணுக்குள் இடமே இல்லை.

பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசியின் 397-ஆம் பிரிவையும் கொஞ்சம் பாருங்கள். இப்போது அது, ஐபிசியின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 311. கொள்ளையின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 ஆண்டு. பயன்படுத்துவது என்றால் குத்த வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் கண்ணில் படும்படி கத்தியைக் கையில் வைத்திருந்தாலே போதும் என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கியில் துப்பாக்கியோடு புகுந்தவனுக்கும், பத்தொன்பது வயதில் குடித்துவிட்டு ஒருவரிடம் கத்தியைக் காட்டிச் சட்டைப் பையில் இருந்ததைப் பறித்தவனுக்கும் ஒரே அடிமட்டம். அந்தக் கத்தி எஃப்ஐஆரில் வருகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கத்தியைக் காட்டி மிரட்டி’ என்ற சொற்றொடர் நம் ஊர் எஃப்ஐஆர்களில் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும். 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டது: 397-ல் குறைந்தபட்ச தண்டனை இருந்தாலும் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கத் தடையில்லை என்று. நல்ல தீர்ப்பு. ஆனால் அது உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தவர்களால் கிடைத்தது.

சரி, இவையெல்லாம் பணத்துக்கும் பொருளுக்குமான குற்றங்கள். இந்த வரி மிக ஆழமாக வெட்டுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்ட வழக்குகளில். இதைப் பற்றிப் பேசத் தயக்கம் இருக்கும். எனக்கும் உண்டு. குழந்தைகளைச் சீரழித்தவர்களுக்கு எதிராக நானே நின்றிருக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்த இருபது ஆண்டைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் சொல்வது வேறு வகை வழக்கு.

2012 வரை சம்மத வயது 16. போக்சோ சட்டம் அதை 18 ஆக்கியது. பதினேழு வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் காதலித்து ஊரை விட்டுப் போகிறார்கள். பெண்ணின் அப்பா ‘பெண் காணவில்லை’ என்று புகார் கொடுக்கிறார். இருவரையும் கண்டுபிடித்துக் கொண்டுவந்த பிறகு பிரிவுகள் மாற்றப்பட்டு போக்சோ வழக்காகிறது. அதிலும் பையன் வேறு சாதி என்றால் கேட்கவே வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 16 வயதைத் தாண்டிய பெண் என்றால் குறைந்தது 10 ஆண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை உறவு என்றாலோ, பெண் கருவுற்றிருந்தாலோ அது கடுமையான குற்றம். குறைந்தது 20 ஆண்டு. பெண்ணின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது ‘பலமுறை’ என்று ஒரு சொல் விழுந்தால் பத்து இருபதாகிவிடும். அவர்கள் சேர்ந்து வாழ்ந்து ஒரு குழந்தை பிறந்திருந்தால், அந்தக் குழந்தையே இருபது ஆண்டுக்கான சாட்சி.

இப்படி ஒரு வழக்கில் தண்டனை குறித்த விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி எதிரியைக் கேட்க வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் அதே நாள், சில நேரம் அதே மணி நேரம். எதிரி எழுந்து நிற்பார். ‘தனக்கு வயதான பெற்றோர் இருப்பதாகவும் குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்’ என்று தீர்ப்பில் ஒரு வரி ஏறும். நான் எழுந்து, ஐயா, அந்தப் பெண்ணே இவர் மீது புகார் இல்லை என்கிறார், கைக்குழந்தையோடு வராந்தாவில் நிற்கிறார் என்பேன். நீதிபதி கேட்டுக்கொள்வார். நல்ல மனிதராக இருந்தால் முகம் வாடும். ‘எனக்கு அதிகாரம் இல்லையே, வக்கீல் சார்’ என்பார். அரசு வழக்கறிஞரும் ஒன்றும் பேச மாட்டார். இருபது ஆண்டு. கேட்பதற்காகவே சட்டம் ஏற்படுத்திய விசாரணையில், எதைக் கேட்டாலும் பயனில்லை.

இதைச் சென்னை உயர் நீதிமன்றம் கவனிக்காமல் இல்லை. 2019-ல் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் விருப்பத்தோடு நடக்கும் உறவைப் போக்சோவின் கடுமையிலிருந்து விலக்கவும், வயது இடைவெளி ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கவும் யோசனை சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இளம் வயதினரின் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொல்லி அப்படியொரு வழக்கையே ரத்து செய்தார். உயர் நீதிமன்றத்தால் ரத்து செய்ய முடியும். விசாரணை நீதிபதியால் முடியாது. உயர் நீதிமன்றம் வரை வரும் வசதியோ விவரமோ இல்லாதவர்கள் விசாரணை நீதிபதியின் முன்னால் நிற்பவர்கள்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய உத்தரவை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். மேற்கு வங்க வழக்கு. விசாரணை நீதிமன்றம் 20 ஆண்டு தண்டனை விதித்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023-ல் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் வளரிளம் பெண்களுக்குத் தேவையில்லாத அறிவுரைகளையும் சொல்லியிருந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, குற்றம் குற்றம்தான் என்றது. பிறகு, தண்டனைக்குள்ளானவரோடே குடும்பம் நடத்தும் அந்தப் பெண்ணின் நிலையை அறிய ஒரு குழுவை அமைத்தது. அறிக்கையைப் பார்த்த பின் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, அரசமைப்பின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தண்டனையே விதிக்காமல் விட்டது. அந்தப் பெண்ணை அதிகம் வதைத்தது அந்தச் சம்பவத்தைவிட அதன் பின் வந்த காவல் துறையும் நீதிமன்றமும் ஓயாத வழக்கும்தான் என்பது உத்தரவின் சாரம். 142-ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள தனி அதிகாரம். ஒரு பெண்ணின் குடும்பத்தைக் காப்பாற்ற நாட்டின் உச்சபட்ச அதிகாரத்தையே எடுக்க வேண்டியிருந்தது என்றால், கோளாறு சட்டத்தில் இருக்கிறது.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டை நீங்கள் சும்மா போடவில்லை. 1970-களில் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமி வன்புணர்வுக்கு ஆளான வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாடு கொதித்தது. அதன் விளைவாக 1983-ல் பாலியல் வன்முறைக்கு 7 ஆண்டு, 10 ஆண்டு என்று குறைந்தபட்சம் வந்தது. ஆனால் அப்போது ஒரு வாசலும் வைத்தார்கள். தக்க, சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் எழுதிவிட்டு அதற்குக் கீழேயும் தண்டிக்கலாம் என்பதே அது. அந்த வாசலை நீதிமன்றங்கள் எப்படிப் பயன்படுத்தின? எதிரி இளைஞன், கிராமத்தான், பெண்ணுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, இரு குடும்பமும் சமரசம் என்றெல்லாம் காரணம் எழுதின. 2011-ல் ஒரு கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கில், சம்பவம் நடந்து 14 ஆண்டாகிவிட்டது, சமரசமும் ஆகிவிட்டது என்று சொல்லி உச்ச நீதிமன்றமே 10 ஆண்டைக் குறைத்து, அனுபவித்த காலம் போதும் என்றது. பெண்கள் அமைப்புகள் கோபப்பட்டதில் என்ன தப்பு? டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் அந்த வாசலை அடியோடு மூடினீர்கள். 2018-ல் ஏழு ஆண்டைப் பத்தாக்கினீர்கள். 2025 ஜனவரியில் நம் சட்டமன்றமும் தன் பங்குக்குத் தண்டனைகளை உயர்த்தி மசோதா நிறைவேற்றியது.

ஆனால் அந்த நீதிபதிகள் செய்த தப்பு, தவறான காரணங்களை ஏற்றதுதான். எந்தக் காரணம் செல்லாது என்று சட்டத்தில் எழுதியிருந்தால் போதும். சமரசம் காரணமாகாது, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்ற வாக்குறுதி காரணமாகாது, பெண்ணின் நடத்தை, இரு தரப்பின் சாதி, குடும்ப கௌரவம் காரணமாகாது என்று. அதை விட்டுவிட்டு, காரணம் கேட்பதையே நிறுத்திவிட்டீர்கள்.

நிறுத்தியதால் தண்டனை கூடியதா? என் அனுபவத்தில், பல நேரங்களில் விடுதலைதான் கூடியது. குறைந்தபட்சம் 10, 20 என்று ஆனதும் வழக்கில் நடுவழி போய்விடுகிறது. தெரிந்த ஆளை, உறவுக்காரனை இருபது ஆண்டு உள்ளே அனுப்ப வேண்டுமா என்று சாட்சி யோசிக்கிறார். குடும்பம் நெருக்குகிறது. பிறழ் சாட்சியாகிறார். ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை வரும் குற்றங்களில் பேரம் பேசி முடிக்கும் ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. அதனால் குற்றத்தை ஒப்புக்கொள்ள எதிரிக்கு ஒரு காரணமும் இல்லை. கடைசிவரை போராடத்தான் செய்வான். நீதிபதியும் மனிதர்தானே? இருபது ஆண்டு அதிகம் என்று மனதுக்குப் பட்டால், ஆதாரத்தில் ஒரு சின்ன ஓட்டையைத் தேடிச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துவிடுவார். போதைப்பொருள் வழக்குகளில், நடுவர் அல்லது அரசிதழ் அதிகாரி முன்னிலையில் சோதனையிடக் கேட்கலாம் என்று 50-ஆம் பிரிவின்படி எதிரிக்குள்ள உரிமையைச் சரியாகச் சொல்லவில்லை என்ற காரணத்தால் எத்தனையோ வழக்குகள் உடைகின்றன. அந்த உரிமை முக்கியம்தான். எதிரித் தரப்பு வக்கீல் என்ற முறையில் அதை நான் மகிழ்ச்சியோடு பயன்படுத்துவேன். ஆனால் மூன்று வருடம் உள்ளே இருந்திருக்க வேண்டியவன், பத்தா பூஜ்யமா என்ற பந்தயத்தில் பூஜ்யத்தோடு வெளியே போகிறான். அவனுக்குப் பக்கத்து வழக்கில் நிற்பவன், நல்ல வக்கீல் இல்லாத ஒரே காரணத்தால், பத்தோடு உள்ளே போகிறான். கடுமை என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் நீளமா, பிடிபடுவோம் என்ற நிச்சயமா என்ற கேள்வி பழையது. 1764-லேயே இத்தாலிய அறிஞர் பெக்காரியா நிச்சயத்தின் பக்கம் நின்றார். இரண்டரை நூற்றாண்டு ஆராய்ச்சியில் அதை யாரும் தலைகீழாக்கிவிடவில்லை. தீர்ப்பு வரை காத்துக் கிடப்பதே தண்டனையாகிவிட்ட நாட்டில் இது இன்னும் பொருந்தும். 2022 இறுதியில் நம் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்.

கடுமையில் நம்மை முந்தியவர்கள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்கா 1986-ல் 5 கிராம் கிராக் கொக்கைனுக்கும் 500 கிராம் தூள் கொக்கைனுக்கும் ஒரே 5 ஆண்டு குறைந்தபட்சத்தை வைத்தது. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-ல் அந்த விகிதத்தைக் குறைத்தார்கள். 2018-ல் பழைய கைதிகளுக்கும் அந்தக் குறைப்பை நீட்டித்தார்கள், நீதிபதிக்கு அடிமட்டத்தைத் தாண்டும் வழியையும் அகலப்படுத்தினார்கள். கனடா உச்ச நீதிமன்றம் துப்பாக்கி வைத்திருந்ததற்கான 3 ஆண்டுக் குறைந்தபட்சத்தை 2015-ல் ரத்து செய்தது. தென்னாப்பிரிக்கா 1997-ல் கடும் குறைந்தபட்சங்களைக் கொண்டுவந்தபோதே, வலுவான காரணம் இருந்தால் நீதிபதி குறைக்கலாம் என்று சேர்த்தே எழுதியது.

வெளிநாடு வரை போவானேன்? நம் உச்ச நீதிமன்றம் 1983-ல், ஆயுள் கைதி கொலை செய்தால் மரணம் மட்டுமே என்று 1860 முதல் இருந்த ஐபிசி 303-ஐச் செல்லாததாக்கியது. சூழ்நிலையைப் பார்க்க நீதிபதிக்கு இடமே தராத தண்டனை நியாயமான நடைமுறை ஆகாது என்பது காரணம். 2012-ல் ஆயுதச் சட்டத்தில் இருந்த கட்டாய மரண தண்டனையும் அதே வழியில் போனது. மரணத்துக்குப் பொருந்தும் தர்க்கம் இருபது ஆண்டுக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

இன்னொரு சங்கதியும் உண்டு, அது குறைந்தபட்சத்தில் வராது. உத்தரப் பிரதேசத்தில் மின்சாரத் துறைப் பொருட்களைத் திருடியதாக ஒருவர் மீது ஒன்பது வழக்கு. ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றிலும் 2 ஆண்டு. அளவான தண்டனைதான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று ஆனதால் மொத்தம் 18 ஆண்டு. உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 2022 டிசம்பரில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று உத்தரவிட்டது. எந்த வழக்கும் எங்களுக்குச் சிறியதல்ல என்றும் சொன்னது. ஏன் இப்படி ஆனது? நீதிபதி வேறு மாதிரி உத்தரவிடாவிட்டால் தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்பது நம் நடைமுறைச் சட்டத்தின் பொது விதி. ‘ஏககாலத்தில்’ என்று தீர்ப்பில் ஒரு சொல் விட்டுப்போனால் பதினாறு வருடம் கூடும். அபராதத்திலும் இதே கதைதான். கட்ட முடியாத 1 லட்சத்துக்காக மேலும் சிறை. அது தண்டனை அல்ல, அபராதம் கட்டாததற்கான விளைவு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லி, ஒரு போதைப்பொருள் வழக்கில் அந்தக் கூடுதல் காலத்தை 3 ஆண்டிலிருந்து 6 மாதமாகக் குறைத்தது. பணம் இருப்பவன் அந்த நாட்களை உள்ளே கழிக்கப் போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

2023 டிசம்பரில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நிறைவேறியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் வெளியே இருந்தார்கள். உள்ளே பெரிய விவாதம் நடக்கவில்லை. அவற்றில் ஒன்றான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு நல்ல காரியம் உண்டு: 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடி, திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை. அதே சட்டத்தின் 112-ஆம் பிரிவில், கூட்டமாகச் செயல்பட்டு பிளாக்கில் டிக்கெட் விற்பதற்கும் குறைந்தது ஓர் ஆண்டு சிறை. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு மனநிலை. எந்தப் பக்கம் விழுவது என்பதைக் ‘கூட்டம்’ என்று எஃப்ஐஆரில் எழுதுவதா வேண்டாமா என்பது தீர்மானிக்கும். மறுபடியும் ரைட்டர்.

உங்களிடம் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம் தன் 283-ஆவது அறிக்கையில், சம்மத வயதைக் குறைக்க வேண்டாம், ஆனால் 16 முதல் 18 வயது வரையிலான, பெண்ணின் இசைவு தென்படும் வழக்குகளில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வரையறுத்த அதிகாரம் கொடுங்கள் என்றது. வயதை 16 ஆக்க வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது. எனக்கும் போதாது. இருந்தாலும் இன்று சிறையில் இருக்கும் பையன்களுக்கு அது போதும். தனிநபர் மசோதாவாகவாவது அதைக் கொண்டுவாருங்கள்.

அப்புறம், அடிமட்டம் வைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும், காரணத்தை எழுதிக் கீழே இறங்கும் வாசலை வையுங்கள். இது புதிதல்ல. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் 5 ஆண்டுக் குறைந்தபட்சமும் இருக்கிறது, தக்க காரணம் எழுதிக் குறைக்கும் வாசலும் இன்றுவரை இருக்கிறது. செல்லாத காரணங்களின் பட்டியலையும் சேர்த்தே எழுதுங்கள்.

நீதிபதி சலுகை காட்டிவிடுவார் என்ற பயத்துக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. இன்று தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கு உண்டு, பாதிக்கப்பட்டவருக்குக் கிடையாது. விடுதலையை எதிர்க்கலாம், இழப்பீடு போதாது என்று கேட்கலாம். தண்டனை குறைவு என்று மட்டும் கேட்க முடியாது. அந்த உரிமையை அவருக்குக் கொடுங்கள். எதிரித் தரப்பு வக்கீல் இப்படிக் கேட்பது என் சக வழக்கறிஞர்கள் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை. நீதிபதி எழுதிய காரணத்தைப் பாதிக்கப்பட்டவர் மேல் நீதிமன்றத்தில் கிழித்துப் போட முடியும் என்றால்தான், அந்தக் காரணத்தை எழுத நீதிபதிக்கு விடுவதில் உங்களுக்கும் தைரியம் வரும். தண்டனைகள் ஏககாலத்தில் ஓடுவதைப் பொது விதியாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் காரணம் எழுதச் சொல்லுங்கள். தண்டனை விசாரணையைத் தீர்ப்பு நாளிலேயே முடிக்காமல், நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வந்த பிறகு நடத்தச் சொல்லுங்கள். தண்டனை விதிப்புக்கு ஒரு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று, குற்றவியல் நீதி முறையின் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மலிமத் குழு 2003-லேயே சொன்னது. 2024 மே மாதம் நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் இடம்பெற்ற அமர்வு, விரிவான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பரிசீலிக்கும்படி மத்திய சட்ட அமைச்சகத்தைக் கேட்டுக்கொண்டது. அது என்ன ஆயிற்று என்று கேள்வி நேரத்தில் உங்களில் ஒருவர் கேட்கலாமே.

அடுத்த கொடூரச் சம்பவம் நடக்கும், அடுத்த மசோதா வரும். பத்தைப் பதினான்காக்க, இருபதை ஆயுளாக்க. அன்று வாக்களிக்கும் முன் அமைச்சரிடம் சில கணக்குகளைக் கேளுங்கள். இப்போதிருக்கும் குறைந்தபட்சத்தில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் விடுதலையானார்கள், எத்தனை வழக்குகளில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள், எஃப்ஐஆரிலிருந்து தீர்ப்பு வரை எத்தனை வருடம் ஆயிற்று. கணக்கு கையில் இல்லை என்று அமைச்சர் சொன்னால், மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பக் கோருங்கள். அந்தக் குழு சாட்சியம் கேட்க அழைத்தால், என் பகுதி நீதிமன்றத் தீர்ப்பு நகல்களோடு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குற்றவியல் வழக்கறிஞர்